வெப் பேஜ்ல இருந்து ரூட் கமாண்ட் ஓட்டணுமா? ரூட்டைத் தூக்கிக் குடுக்காம செய்யலாம்

சின்னதா ஒரு அட்மின் பேஜ் வெச்சிருப்பீங்க, அதுல ஒரு பட்டன், அமுக்கினா ஏதோ ஒரு சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகணும், இல்ல ஃபயர்வால்ல ஒரு ஐபி பிளாக் ஆகணும். டெர்மினல்ல ரூட்டா, அதாவது லினக்ஸ்ல எல்லா உரிமையும் உள்ள யூசரா, அதே கமாண்டை அடிச்சா ஜோரா ஓடுது, பிஎச்பில எக்ஸெக் போட்டு ஓட்டினா ஒண்ணுமே நடக்காது, எரர் கூட வராது, பேஜ் மட்டும் அமைதியா லோட் ஆகி நிக்கும். உடனே தேடுவோம், தேடினா மூணு பதில் கிடைக்கும்: யாரு எந்த கமாண்டை சூடோ வழியா ரூட்டா ஓட்டலாம்னு சொல்ற சூடோவர்ஸ் ஃபைல்ல வெப் யூசருக்கு எல்லா கமாண்டும் பாஸ்வேர்ட் இல்லாம குடு, இல்லன்னா வெப் சர்வரையே ரூட்டா ஓட்டு, இல்லன்னா ஸ்கிரிப்ட்டுக்கு, யார் ஓட்டினாலும் ஓனரோட உரிமையில ஓட வைக்கிற செட்யூஐடி பிட் போடு. முதல் ரெண்டும் வேலை செய்யும், அதான் பிரச்சனையே. மூணாவது லினக்ஸ்ல ஸ்கிரிப்ட்டுக்கு வேலையே செய்யாது, கெர்னல் அந்த பிட்டைக் கண்டுக்காது, ஓடுற யூசரோட உரிமையிலயே தான் ஓடும்.

நான் சொல்லப்போறது ஒண்ணு தான். வெப் பேஜுக்கு ரூட் உரிமை தேவையில்ல, நாலஞ்சு குறிப்பிட்ட வேலையை "செஞ்சு குடு"ன்னு கேக்குற உரிமை போதும். கேக்குறது ஒரு ஆளு, செய்யுறது வேற ஆளு, செய்யுற ஆளு கேட்டதை நம்பாம தானே சரிபார்த்து செய்யணும். கீழ இருக்கிற எல்லாமே இந்த ஒரு வரியை எப்படி அமல்படுத்துறதுங்கிறது தான்.

முதல்ல யாரா ஓடுதுன்னு பாருங்க. டெபியன், உபுண்டுல வெப் சர்வர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்கிற யூசரா ஓடும், ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் அப்பாச்சிங்கிற யூசரா ஓடும், பிஎச்பியைத் தனி சர்வீஸா ஓட்டுற பிஎச்பி-எஃப்பிஎம்ல பூல் கான்ஃபிக்ல வேற யூசர் போட்டிருந்தா அந்த யூசர். யூகம் வேண்டாம், எக்ஸெக்ல ஹூஆம்ஐ கமாண்டை ஓட்டி பேஜ்ல பிரிண்ட் பண்ணிப் பாருங்க, அது என்ன சொல்லுதோ அந்தப் பேருக்குத் தான் இனி எல்லா ரூலும் எழுதணும். பாதி பேரோட "வேலை செய்யல" இங்கயே தீர்ந்துடும், அப்பாச்சிக்கு ரூல் எழுதி வெச்சுட்டு எஃப்பிஎம் வேற யூசர்ல ஓடிட்டிருக்கும்.

அடுத்தது, நிஜமாவே ரூட் வேணுமா? ஒரு சர்வீஸ் ஓடுதா இல்லையான்னு காட்ட சர்வீஸ்களை நிர்வகிக்கிற சிஸ்டம்டியோட கமாண்ட் சிஸ்டம்சிடிஎல், அதோட இஸ்-ஆக்டிவ் போதும், அதுக்கு ரூட் வேண்டாம். லாக் படிக்கணும்னா ஜர்னலுக்கு சிஸ்டம்டி-ஜர்னல்னு ஒரு குரூப் இருக்கு, டெபியன் பக்கம் ஏடிஎம் குரூப்பும் இருக்கு, ஆனா அதுல எல்லா லாக்கும் தெரிஞ்சுடும், அதனால ஒரே ஒரு லாக் தான் வேணும்னா அந்த ஃபைலுக்கு மட்டும் ஏசிஎல், அதாவது ஒரு குறிப்பிட்ட யூசருக்கு தனியா குடுக்கிற உரிமை, போடுறது மேல். 1024-க்கு கீழ உள்ள போர்ட்ல ஒரு புரோகிராம் உக்காரணும்னா அதுக்கு தனி கேப்பபிலிட்டி, அதாவது ரூட் உரிமையில ஒரு துண்டு மட்டும், இருக்கு, ரூட் வேண்டாம். ஒரு கான்ஃபிக் ஃபைலை மாத்துறது மட்டும் தான் வேலைன்னா, ஃபைலோட குரூப்பை மாத்தி அந்தக் குரூப்புக்கு எழுதுற உரிமை குடுத்தா முடிஞ்சது. இப்படிக் கழிச்சுக்கிட்டே வந்தா பத்து பட்டன்ல மூணு பட்டனுக்குத் தான் ரூட் தேவைப்படும்.

அந்த மூணுக்கு ராப்பர் ஸ்கிரிப்ட் எழுதுங்க. கமாண்டை நேரா சூடோவர்ஸ்ல போடாதீங்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட், அது யூஎஸ்ஆர் லோக்கல் எஸ்பின் மாதிரி இடத்துல இருக்கணும், ஓனர் ரூட், பெர்மிஷன் 755, வெப் யூசரால அதையோ அது இருக்கிற ஃபோல்டரையோ அதுக்கு மேல இருக்கிற எந்த ஃபோல்டரையோ எழுத முடியக்கூடாது. ஃபோல்டர்ல எழுதுற உரிமை இருந்தா ஃபைலைத் தொடவே வேண்டாம், பேரை மாத்தி வெச்சுட்டு அதே பேர்ல புதுசா ஒண்ணைப் போட்டுடலாம், அடுத்த தடவை சூடோ அதைத் தான் ரூட்டா ஓட்டும். வெப் ரூட்டுக்குள்ளயே ஸ்கிரிப்ட்டை வெச்சு ரூல் எழுதுற பழக்கம் நிறைய இடத்துல பாக்குறேன், ஒரு அப்லோட் ஓட்டை இருந்தா போதும், சர்வரே போச்சு.

ராப்பருக்குள்ள என்ன எழுதணும்ங்கிறது தான் மொத்த கதையும். ஐபி பிளாக் பண்ற ராப்பரை எடுத்துக்கலாம். அது ஒரே ஒரு ஆர்க்யுமென்ட் வாங்கும். எண்ணிக்கை ஒண்ணு இல்லன்னா வெளிய போயிடும். வந்தது நிஜமாவே ஐபி தானான்னு பாக்கும், இதுக்கு பாஷ்ல ரெஜெக்ஸ் எழுதி மல்லுக்கட்டுறதை விட ராப்பரை பைத்தான்லயே எழுதிடலாம், ஐபிஅட்ரஸ்னு ஒரு மாட்யூல் கூடவே வருது, தப்பான ஐபி குடுத்தா எக்ஸப்ஷன் அடிச்சு நின்னுடும், ஐபிவி6-ம் சேர்த்துப் பாத்துக்கும். பைத்தான்னா ஹைஃபன் கேபிடல் ஐ போட்டு ஐசோலேட்டட் மோட்ல ஓட்டுங்க, இல்லன்னா பைத்தான்பாத் மாதிரி என்விரான்மென்ட் வேரியபிள் வழியா வேற மாட்யூலை உள்ள நுழைக்கிற வாய்ப்பு இருக்கு. அப்புறம் மெஷின் தன்னையே கூப்பிடுற லூப்பேக், கேட்வே, சர்வரோட சொந்த ஐபி, நீங்க எஸ்எஸ்எச்ல வர்ற நெட்வொர்க், இதெல்லாம் வந்தா மறுக்கணும், இல்லன்னா யாரோ ஒருத்தர் வெளையாட்டா தன்னோட ஐபியைப் போட்டு அமுக்குவாங்க, மெஷினுக்கு யாருமே உள்ள போக முடியாது. இதெல்லாம் தாண்டினா தான் லினக்ஸ் ஃபயர்வாலை நடத்துற என்எஃப்டியோட ஒரு செட்ல அந்த ஐபியைச் சேர்க்கணும், அதுவும் கமாண்டை ஸ்ட்ரிங்கா ஒட்டி ஷெல்லுக்குக் குடுக்காம, சப்பிராசஸ்ல லிஸ்ட்டா.

"இந்த செக் எல்லாம் பிஎச்பிலயே பண்ணிட்டேனே"ன்னு கேப்பீங்க. பண்ணுங்க, நல்லது, ஆனா அது தப்பா டைப் பண்ற யூசருக்கு நல்ல மெசேஜ் காட்டுறதுக்குத் தான். பிஎச்பிக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சுட்டான்னா அவன் உங்க ஃபார்ம் வழியாவா வருவான், நேரா சூடோ போட்டு ராப்பரைக் கூப்பிடுவான். அப்போ உங்க பிஎச்பி செக் ஒண்ணுமே ஓடியிருக்காது. ராப்பர்ல இருக்கிறது மட்டும் தான் காவல்.

சர்வீஸ் ரீஸ்டார்ட் ராப்பர் இதை விட சுலபம், ஏன்னா அங்க யூசர்கிட்ட இருந்து வர்ற டேட்டாவே தேவையில்ல. ஷெல்லோட கேஸ் போட்டு, "மெயில்"னு வந்தா இந்த யூனிட், "கேஷ்"னு வந்தா அந்த யூனிட், வேற எது வந்தாலும் எக்ஸிட் 2. வந்த வார்த்தையை கமாண்டுக்குள்ள ஒட்டவே ஒட்டாதீங்க, அது எந்தக் கிளைன்னு தேர்ந்தெடுக்க மட்டும் தான்.

இப்போ சூடோவர்ஸ். மெயின் ஃபைலைத் தொடாம ஈடிசி கீழ இருக்கிற சூடோவர்ஸ்-டாட்-டி ஃபோல்டர்ல தனி ஃபைல் போடுங்க, எடிட் பண்ண விசூடோவை ஹைஃபன் எஃப் போட்டு அந்த ஃபைல் பேரோட கூப்பிடுங்க. சாதா எடிட்டர்ல திறந்து ஒரு எழுத்து தப்பா சேவ் பண்ணினா சூடோ வெர்ஷனைப் பொறுத்து அந்த வரியை விட்டுட்டுப் போகும், இல்ல சூடோவே வேலை செய்யாம போயிடும், ரூட் பாஸ்வேர்டும் இல்லாத மெஷின்னா ரெஸ்க்யூ மோட் தான் கதி. விசூடோ சேவ் பண்றதுக்கு முன்னாடியே தப்பைச் சொல்லிடும். ஃபைல் பேர்ல புள்ளி வரக்கூடாது, புள்ளி இருந்தா சூடோ அந்த ஃபைலைப் படிக்காமலே தாண்டிடும், எரரும் சொல்லாது, பேக்கப் ஃபைலைப் படிக்கக்கூடாதுன்னு வெச்ச விதி அது, ஆனா கடைசில டாட் கான்ஃப்னு பேர் வெக்கிறவங்க எல்லாரும் இதுல தலையைப் பிச்சுப்பாங்க. பெர்மிஷன் 0440.

வரி எப்படி இருக்கணும்னா, முதல்ல வெப் யூசர் பேரு, ஒரு இடைவெளி, கேபிடல்ல ஆல், சமக்குறி, அடைப்புக்குறிக்குள்ள ரூட், அப்புறம் கேபிடல்ல NOPASSWD-ங்கிற டேக், அதோட கடைசில கோலன், அதுக்கப்புறம் ராப்பரோட முழு பாத். அதோட வரி முடியுதுன்னா எந்த ஆர்க்யுமென்ட் வேணா குடுக்கலாம்னு அர்த்தம். ஆர்க்யுமென்ட்டே வேண்டாம்னா பாத்துக்கு அப்புறம் வெறும் இரட்டை மேற்கோள் குறியைத் திறந்து மூடணும். ஒரு குறிப்பிட்ட வார்த்தை மட்டும் தான்னா அந்த வார்த்தையையே எழுதணும், சர்வீஸ் ராப்பருக்கு "மெயில்" ஒரு வரி, "கேஷ்" ஒரு வரி. ரெண்டு வரி கூட எழுதினா கை ஒண்ணும் தேஞ்சுடாது.

நட்சத்திரக் குறி மட்டும் ஆர்க்யுமென்ட்ல போடாதீங்க. பாத்ல போடுற நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது, ஆர்க்யுமென்ட்ல போடுறது சாய்கோடு, இடைவெளி எல்லாத்தையும் தாண்டும். கேட் கமாண்டுக்கு லாக் ஃபோல்டர்ல மெசேஜஸ்னு ஆரம்பிக்கிற ஃபைல்னு நட்சத்திரம் போட்டு அனுமதிச்சா, மெசேஜஸ், இடைவெளி, ஈடிசி ஷேடோன்னு குடுத்தாலும் அது பொருந்திடும், பாஸ்வேர்ட் ஹேஷ் எல்லாம் கைக்கு வந்துடும். சூடோ 1.9.10-ல இருந்து ரெஜெக்ஸ் எழுதலாம், தேவைன்னா அதைப் பயன்படுத்துங்க, ஆனா ராப்பர் சரியா இருந்தா அதுக்கும் அவசியம் வராது.

ராப்பர் ஏன், நேரா சிஸ்டம்சிடிஎல் குடுத்தா என்ன? குடுக்கலாம், முழு கமாண்டையும் யூனிட் பேரோட சேர்த்து எழுதினா. வெறும் சிஸ்டம்சிடிஎல்னு குடுத்தா எடிட் ஆப்ஷன் இருக்கு, லிங்க் இருக்கு, தனக்குப் பிடிச்ச யூனிட் ஃபைலை எழுதி ரூட்டா ஓட்டிக்கலாம். ஸ்டேட்டஸ் மட்டும் குடுத்தா கூட பழைய சிஸ்டம்டில, அதாவது 247-க்கு முந்தினதுல, வெளியீடு நீளமா இருந்தா அதைப் பக்கம் பக்கமா காட்டுற லெஸ் திறக்கும், லெஸ்ஸுக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு ஷெல் எடுக்கலாம், பாதுகாப்பு ஓட்டைகளோட பட்டியல்ல சிவிஇ-2023-26604 இது தான். இதே கதை தான் விஐஎம், ஃபைண்ட், டார், ஆக், டீ, சிபி, சவுன், ஏபிடி எல்லாத்துக்கும். பாக்க அப்பாவியா இருக்கும், ஒரு ஆப்ஷன் குடுத்தா ஷெல் திறக்கும் இல்ல எந்த ஃபைலை வேணா எழுதும். இதுல ஒண்ணைப் பாஸ்வேர்ட் இல்லாம குடுக்கிறதும் பீரோவைப் பூட்டிட்டு சாவியை அதுலயே தொங்க விடுறதும் ஒண்ணு தான்.

பிஎச்பி பக்கம் வருவோம். சூடோவை ஹைஃபன் என் போட்டுக் கூப்பிடுங்க, பாஸ்வேர்ட் கேக்காம, ரூல் பொருந்தலன்னா உடனே தோத்துத் திரும்பிடும், இல்லன்னா கேக்குறதுக்கு ஆளே இல்லாத இடத்துல கேட்டுட்டு நிக்கும். பிஎச்பி 7.4-ல இருந்து பிராக்-ஓபனுக்கு கமாண்டை அர்ரேயா குடுக்கலாம், ஷெல்லே நடுவுல வராது, செமிகோலன், பேக்டிக், டாலர் எதைப் போட்டாலும் அது வெறும் எழுத்து தான். பழைய எக்ஸெக் தான் வழின்னா ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் எஸ்கேப்ஷெல்ஆர்க் வழியா அனுப்புங்க, எஸ்கேப்ஷெல்சிஎம்டி வேற, அது மொத்த ஸ்ட்ரிங்குக்கு, ஆர்க்யுமென்ட் கூடுதலா சேர்றதை அது தடுக்காது. எஸ்கேப்ஷெல்ஆர்க்கும் முழு மருந்து இல்ல, ஹைஃபன்ல ஆரம்பிக்கிற மதிப்பு வந்தா அதை அப்படியே தான் விடும், கமாண்ட் அதை ஆப்ஷன்னு எடுத்துக்கும், அதனால மதிப்புக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன் தனியா போட்டு "இதோட ஆப்ஷன் முடிஞ்சுது"ன்னு சொல்லிடணும். பைத்தான்ல சப்பிராசஸ்க்கு லிஸ்ட், ஷெல் ஃபால்ஸ். நோட்.ஜேஎஸ்ல எக்ஸெக் வேண்டாம், எக்ஸெக்ஃபைல்.

எரர் தெரியாம தவிக்கிறவங்க ஸ்டாண்டர்ட் எரரையும் சேர்த்துப் படிங்க, எக்ஸிட் கோடையும் பாருங்க. எக்ஸெக் தானா ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் தான் குடுக்கும், சூடோ திட்டுறது எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர்ல போயிட்டிருக்கும். அவுட்புட்டை பேஜ்ல காட்டும்போது எச்டிஎம்எல் எஸ்கேப் பண்ணுங்க, லாக் ஃபைல்ல யார் வேணா ஸ்கிரிப்ட் டேக் எழுதி வெக்கலாம், வெளிய இருந்து வர்ற யூசர்-ஏஜென்ட் கூட லாக்ல தானே விழுது.

பாஸ்வேர்ட் தேவைன்னு எரர் வந்தா ரூல் பொருந்தலன்னு அர்த்தம், பாத் வேற, இல்ல ஆர்க்யுமென்ட் வேற. எல்லாம் சரியா இருந்தும் வந்தா வரிசையைப் பாருங்க, சூடோவர்ஸ்ல கடைசியா பொருந்துற வரி தான் ஜெயிக்கும், உங்க ரூலுக்கு அப்புறம் அந்த யூசரோட குரூப்புக்கு பாஸ்வேர்ட் கேக்குற ரூல் இருந்தா அது தான் செல்லும். டிடிஒய், அதாவது டெர்மினல், இருக்கணும்னு சொன்னா பழைய ரெட் ஹேட் வகையில ரிக்வயர்டிடிஒய் ஆன்ல இருக்கும், அந்த ஒரு யூசருக்கு மட்டும் அதை ஆஃப் பண்ணுங்க. நோ நியூ பிரிவிலஜஸ் ஃபிளாக்னு வந்தா சூடோ மேல தப்பில்ல, வெப் சர்வரோட யூனிட் ஃபைல்லயோ கன்டெய்னர்லயோ அது ஆன்ல இருக்கு, செட்யூஐடி புரோகிராம் எதுவும் உரிமை ஏத்திக்க முடியாது. அதை ஆஃப் பண்ணாதீங்க, நல்ல பாதுகாப்பு அது, கீழ சொல்ற பாத் யூனிட் வழிக்கு மாறிடுங்க. எந்த புரோகிராம் எதைத் தொடலாம்னு கூடுதலா கட்டுப்படுத்துற எஸ்இலினக்ஸ் இருக்கிற மெஷின்ல எல்லாம் சரியா இருந்தும் தோத்தா ஆடிட் லாக்கைப் பாருங்க, அங்கயும் அதை ஆஃப் பண்ணாம பாத் யூனிட் வழிக்கு மாறிடுங்க.

அந்த இன்னொரு வழி எனக்கு சூடோவை விடப் பிடிக்கும். வெப் பேஜ் எந்த கமாண்டும் ஓட்டாது, ஒரு ஃபோல்டர்ல ஒரு காலி ஃபைல் மட்டும் உருவாக்கும். சிஸ்டம்டில ஒரு பாத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கிற பாத் யூனிட் ஒண்ணு, அதுல பாத்எக்ஸிஸ்ட்ஸ்னு அந்த ஃபைலோட பாத். ஃபைல் வந்ததும் ரூட்டா ஒரு தடவை ஓடி முடியுற ஒன்ஷாட் சர்வீஸ் கிளம்பும், முதல் வேலையா அந்த ஃபைலை அழிக்கும், அப்புறம் தன்னோட வேலை. அழிக்க மறந்தா சர்வீஸ் முடிஞ்ச உடனே மறுபடி கிளம்பும், மறுபடி மறுபடி ஓடி ஸ்டார்ட் லிமிட்ல போய் முட்டி நிக்கும். ஃபைலை டெம்ப் ஃபோல்டர்ல வெக்காதீங்க, வெப் சர்வர் யூனிட்ல பிரைவேட்டெம்ப் ஆன்ல இருந்தா அது பாக்குற டெம்ப் வேற, சிஸ்டம் பாக்குற டெம்ப் வேற. வார் லிப் கீழ ஒரு தனி ஃபோல்டர் போதும். காலி ஃபைல்னு சொன்னது வேணும்னே தான், உள்ள ஏதாவது எழுதி அனுப்ப ஆரம்பிச்சா அதை ராப்பர் மாதிரியே கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டு சரிபார்க்கணும்.

நேரம் பிடிக்கிற வேலைக்கும் இது தான் சரி. பேக்கேஜ் அப்டேட்டை நேரா பேஜ்ல இருந்து ஓட்டினா, 60 நொடிக்கு வெளியீடு எதுவும் வரலன்னா என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் 504 டைம்அவுட் எரர் காட்டும், அது டீஃபால்ட். யூசர் மறுபடி அமுக்குவார், ரெண்டாவது அப்டேட் முதலாவது போட்ட பூட்டுல போய் நிக்கும். ஒன்ஷாட் சர்வீஸ்னா எத்தனை தடவை அமுக்கினாலும் ஓடிட்டிருக்கிறது ஒண்ணு தான், பேஜ் நிலவரத்தை மட்டும் அப்பப்போ கேட்டுக்கும். வெப் சர்வரையே ரீஸ்டார்ட் பண்ற பட்டனும் அப்படித் தான், பிஎச்பியோட குழந்தை பிராசஸ் எஃப்பிஎம் சர்வீஸோட சிகுரூப்லயே, அதாவது ஒண்ணா நிறுத்தப்படுற பிராசஸ் கூட்டத்துலயே, இருக்கு, எஃப்பிஎம்மை நிறுத்தும்போது ரீஸ்டார்ட் பண்ணச் சொன்ன ராப்பரும் சேர்ந்து செத்துடும், பேஜ் பாதில வெள்ளையா நிக்கும். ரீலோட் போதும்னா ரீலோட், இல்லன்னா சிஸ்டம்டி-ரன்ல ரெண்டு நொடி தள்ளி டைமர் போட்டுட்டு பேஜுக்கு முதல்ல பதிலை அனுப்பிடுங்க.

பட்டன் பக்கமும் ஓட்டை இருக்கக்கூடாது. ரீபூட் லிங்க்கை கெட் ரிக்வெஸ்ட்ல வெச்சா, வேற ஏதோ சைட்ல ஒரு இமேஜ் டேக்ல அந்த யூஆர்எல்லைப் போட்டா போதும், லாகின் பண்ணியிருக்கிற அட்மின் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் சர்வர் ரீபூட் ஆகிடலாம். அதனால போஸ்ட், கூடவே ரிக்வெஸ்ட் உங்க பேஜ்ல இருந்து தான் வந்துச்சான்னு காட்டுற சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், வேற சைட் அனுப்புற ரிக்வெஸ்ட்ல குக்கி போகாம இருக்க அதுக்கு சேம்சைட். பெரிய வேலைக்கு மறுபடி பாஸ்வேர்ட் கேளுங்க. முடிஞ்சா பேஜை இன்டர்நெட்லயே வெக்காதீங்க, லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் கேக்க வெச்சுட்டு எஸ்எஸ்எச் டனல் இல்ல விபிஎன் வழியா போங்க. ரெடிமேடா கிடைக்கிற அட்மின் பேஜும் இதுக்கு விதிவிலக்கில்ல. வெப்மின் 10000 போர்ட்ல முழுக்க ரூட்டா ஓடும், 2019-ல அதோட சில வெர்ஷன்ல யாரோ பில்ட் சர்வர் வழியா பின்வாசல் வெச்சிருந்தது வெளிய வந்துச்சு, சிவிஇ-2019-15107, லாகின் இல்லாமலே ரூட் கமாண்ட் ஓட்டலாம். காக்பிட் வேற மாதிரி, 9090 போர்ட்ல இருக்கும், லாகின் பண்ற ஆளோட சொந்த அக்கவுண்ட்லயே செஷன் ஓடும், ரூட் வேணும்னா அந்த ஆளுக்கு இருக்கிற சூடோ உரிமை வழியா தான் போகும். உங்களுக்கு வேண்டியது பொதுவான சர்வர் நிர்வாகம் தான்னா, சொந்தமா பேஜ் எழுதாம காக்பிட்டைப் போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க.

சூடோ எழுதுற லாக்ல எப்பவும் வெப் யூசர் பேரு தான் இருக்கும், பட்டனை அமுக்கின ஆளு யாருன்னு அதுக்குத் தெரியாது. அதை பிஎச்பி தனியா எழுதணும், யாரு, எந்த ஐபில இருந்து, என்ன வேலை, எக்ஸிட் கோட் என்ன. அதுவும் சிஸ்லாக் வழியா, வெப் யூசரே அழிக்கிற மாதிரி ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வேண்டாம். சூடோவையும் புதுசா வெச்சுக்கோங்க, 2021 ஜனவரில வெளிய வந்த பாரன் சமெடிட்னு பேர் வெச்ச சூடோ ஓட்டைக்கு சூடோவர்ஸ்ல பேரு கூட இருக்க வேண்டாம், மெஷின்ல எந்த யூசரா இருந்தாலும் ரூட் ஆகலாம், 2011-ல இருந்து யாருக்கும் தெரியாம கிடந்த ஓட்டை அது. அது 1.9.5பி2-ல சரியாச்சு. 2025-ல சிரூட் ஆப்ஷன்ல இன்னொண்ணு வந்துச்சு, 1.9.17பி1-ல சரியாச்சு.

லைவ்ல விடுறதுக்கு முன்னாடி ரூட்டா உக்காந்து சூடோவோட ஹைஃபன் எல், ஹைஃபன் கேபிடல் யூ போட்டு வெப் யூசர் பேரைக் குடுங்க, அந்த யூசரால என்னென்ன ஓட்ட முடியும்னு பட்டியல் வரும், நீங்க எழுதாத ஒரு வரி அதுல இருந்தா முதல்ல அதைத் தூக்குங்க. அப்புறம் அதே வெப் யூசரா மாறி ராப்பரை நேரா கூப்பிட்டுப் பாருங்க: காலி ஆர்க்யுமென்ட், ரெண்டு ஆர்க்யுமென்ட், செமிகோலன் ஒட்டின ஐபி, ஹைஃபன்ல ஆரம்பிக்கிற வார்த்தை, நடுவுல நியூலைன், சர்வரோட சொந்த ஐபி. ஆறுக்கும் மறுப்பு வரணும், எக்ஸிட் கோட் பூஜ்யம் இல்லாம இருக்கணும், லாக்ல வரி விழணும். ஒண்ணு தப்பிச்சாலும் ராப்பரைத் திருத்துங்க, பிஎச்பியை இல்ல.